கம்பளைக் காளையின் மனைவி

ஸ்டேஷன் வீதி,
கம்பளை.
14.03.1982

'கம்பளைக் காளை' படத்துக்குக் கதை வசனம் எழுதிய யோகேந்திரன் ஐயா அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் படத்தில் அருவிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டே ஆடுகிறாளே ஒருத்தி, அது நானாம். என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு வயது நாற்பத்தெட்டு. கம்பளை ஸ்டேஷனுக்கு முன்னால் இருபது வருடமாக இடியாப்பம் அவித்து விற்கிறேன். நான் நனைந்ததெல்லாம் கடைக்கூரை ஒழுகியபோதுதான்.

என் வீட்டுக்காரர் பெயர் மாசிலாமணி. ஒரு காலத்தில் இந்தக் கடைவீதியில் சண்டியன். சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு திரிந்ததால் 'செயின் மணி' என்று பெயர். போகம்பறைச் சிறையில் நாலு வருடம் இருந்தார். வந்த நாளிலிருந்து பதினாலு வருடமாக எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன், களைத்துவிட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது.

போன வருடம் குடலிறக்கத்துக்கு மருந்தெடுக்க வாரம் ஒரு தடவை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். திரும்பி வரும் ரயிலில் நாவலப்பிட்டிக்குப் போகிற, கண்டி அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற ஒரு ஐயா தன் கதையை ஆசையாகக் கேட்கிறார் என்று சொன்னார். கேட்கட்டும், வீட்டில் என்னிடம் அளப்பது குறையும் என்று நினைத்தேன். அந்த ஐயா நீங்கள்தான் என்பதும், கேட்டதையெல்லாம் எழுதிவைத்தீர்கள் என்பதும் படம் கம்பளைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இப்போது அவர் கழுத்தில் சிவப்புச் சால்வை. வாயில் சிகரெட், பிறகு ஒரு மணி நேரம் இருமல். காலை அகட்டி அகட்டி உங்கள் கதாநாயகன் நடக்கிறானே, அது குடலிறக்க நடை ஐயா. அதை இப்போது கம்பளையில் பாதிப் பேர் நடக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதற்காக நான் கடிதம் எழுதவில்லை. உங்கள் வில்லன் 'இடக்கை ஜம்பு' இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கிற தையற்காரன். பெண்களைக் கடத்துகிறான். கம்பளையில் இடது கையால் துணி வெட்டுகிற தையற்காரர் ஒரே ஒருவர், றவூப் நானா. அவரை இப்போது ஊரே ஜம்பு என்று கூப்பிடுகிறது. படம் வந்த மூன்று கிழமையாக எந்தத் தாயும் மகளின் சட்டைக்கு அளவெடுக்க அவர் கடைக்கு வரவில்லை. அவர் ஏன் இடது கையால் வெட்டுகிறார் என்று என் வீட்டுக்காரர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். நானாவின் வலது கையை உடைத்ததே என் வீட்டுக்காரர்தான்.

ஜம்பு என்று ஒருவன் இல்லை, றவூப் நானா நேர்மையான மனிதர் என்று பேப்பரில் நாலு வரி எழுதிப் போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இராஜகுமாரி மாசிலாமணி


கண்டி.
22.03.1982

திருமதி இராஜகுமாரி மாசிலாமணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கச்சேரி முகவரிக்கு அனுப்பியதால் அலுவலகத்தில் நாலு பேர் வாசித்த பிறகே என் கைக்கு வந்தது. அடுத்த முறை என் அறை முகவரிக்கு எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு படைப்பாளியின் நிலையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நான் எழுதியது மாசிலாமணி என்ற மனிதரின் சரித்திரம் அல்ல. காளிங்கன் என்ற பாத்திரத்தின் கதை. நீதி கிடைக்காத ஏழை, ஆயுதத்தைக் கையில் எடுக்கிறான். இறுதியில் கதிரேசன் கோயில் வாசலில் அந்தச் செயினைக் கழற்றி வைத்துக் கண்ணீர் விடுகிறான். வன்முறை தீர்வல்ல என்ற செய்தியை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? கண்டித் தியேட்டரில் அந்தக் காட்சிக்கு ஒரு கிழவர் விம்மி அழுததை நானே பார்த்தேன்.

இடது கைக் கத்தரிக்கோலைப் பற்றி உங்கள் கணவர் ரயிலில் சொன்னது உண்மைதான். வில்லனுக்கு ஒரு தனி அடையாளம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன். திரு. றவூப் அவர்களை நான் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. பேப்பரில் மறுப்பு எழுதினால் ஜம்பு அவர்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தயாரிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா முதலாளியும் அதை விரும்பவில்லை. படம் இன்னும் ஓடுகிறது.

சனங்கள் சில நாட்களில் மறந்துவிடுவார்கள். உங்கள் கணவருக்கு என் வணக்கம்.

தங்கள் உண்மையுள்ள,
சி. யோகேந்திரன்


கம்பளை.
02.04.1982

யோகேந்திரன் ஐயாவுக்கு,

கண்டியில் அழுத கிழவர் வேறு எதையாவது நினைத்து அழுதிருப்பார். கம்பளைத் தியேட்டரில் கோயில் காட்சி வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். சண்டை முடிந்துவிட்டதே. நான் நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். செயினைச் சுழற்றும்போது அடிக்கிற விசிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். செயினைக் கழற்றும்போது ஒருவராவது விசிலடித்தாரா?

உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன், படியுங்கள். 1964ஆம் ஆண்டு. என் வீட்டுக்காரர் முட்டை வியாபாரி ஒருவரைக் கத்தியால் குத்தினார். கண்டவர்கள் முப்பது பேர். கோட்டில் சாட்சி சொன்னவர் ஒருவர், அதுதான் றவூப் நானா. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, கலியாணமாகி எட்டு மாதம். வழக்கு முடிவதற்குள் ஒருநாள் காலையில் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டு நின்றவரை இவர் பின்னாலிருந்து செயினால் அடித்தார். விழுந்த பிறகு வலது கையில் மிதித்தார். உங்கள் படத்தில் பன்னிரண்டு பேரோடு நேருக்கு நேர் மோதுகிறாரே, அந்தச் சண்டை இதுதான். பன்னிரண்டு பேரும் றவூப் நானா ஒருவர்தான். நேருக்கு நேர் என்பது அவர் முதுகு.

நாலு வருடம் தீர்ப்பானது அதற்காகத்தான். அந்த நாட்களில் நான் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலைத் தாண்டி உள்ளே போகக் கால் வரவில்லை. ஜன்னலால் பார்த்தேன். அவருடைய மனைவி சகீனா ராத்தா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பொத்தான் தைக்கிற மனிதர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளையாய் நின்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் கதாநாயகன் அடித்துப் போட்ட பன்னிரண்டு பேருக்கும் மறுநாள் காலையில் யார் பொத்தான் போட்டுவிட்டார்கள் ஐயா? அதை ஏன் எழுதவில்லை? அதை எழுதியிருந்தால் விசில் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

இடது கையால் வெட்டப் பழக அவருக்கு மூன்று வருடம் ஆனது. அதை நீங்கள் வில்லனின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டீர்கள். நல்ல கண் உங்களுக்கு.

நாலு வரி. காத்திருக்கிறேன்.

இராஜகுமாரி


கண்டி.
19.06.1982

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிறகு அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பிறகும் அது ஞாபகத்தில் நின்றது.

ஒரு வழி செய்திருக்கிறேன். கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்று என்னைப் பேட்டி கண்டது. படத்தில் வருவோர் அனைவரும் கற்பனையே என்று தெளிவாகச் சொன்னேன். வருகிற ஞாயிறு வெளிவரும். உங்கள் மனம் ஆறும் என்று நம்புகிறேன்.

யோகேந்திரன்


கம்பளை.
11.07.1982

ஐயா,

பேட்டி வந்தது. கற்பனை என்று நீங்கள் சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது: 'உண்மைக் காளிங்கன் கம்பளை ஸ்டேஷனுக்கு முன்னால் இன்றும் வாழ்கிறார்.' அதையும் நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அந்த நிருபர் என்னிடம் இடியாப்பம் சாப்பிட்டதில்லை.

நேற்றுக் கடுகண்ணாவையிலிருந்து ஒரு வான் வண்டியில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். இவரோடு நின்று படம் பிடித்தார்கள். இவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, தேங்காய் துருவியைக் காலால் தள்ளி மறைத்துவிட்டு நின்றார். பிறகு ஜம்புவின் கடை எது என்று கேட்டார்கள். இவர் கையை நீட்டிக் காட்டினார். காட்டினார் ஐயா, என் கண் முன்னால். அவர்கள் போய் றவூப் நானாவின் கதவுப் பலகையில் கரியால் 'ஜம்பு ஒழிக' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

சகீனா ராத்தாவும் நானும் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்துக் கழுவினோம். பதினெட்டு வருடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்த முதல் வேலை அதுதான். அந்த வகையில் உங்களுக்கு நன்றி. மற்ற வகையில் இனிப் பேட்டி கொடுக்காதீர்கள்.

இராஜகுமாரி


கண்டி.
28.05.1983

அன்புள்ள அம்மா,

பத்து மாதமாக உங்களுக்கு எழுதத் துணிவு வரவில்லை. இப்போதும் ஒரு காரியமாகவே எழுதுகிறேன். ஸ்ரீஸ்கந்தராசா முதலாளி இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார். 'காளை மீண்டும் வருகிறான்' என்று பெயர். இந்த முறை ஜம்பு இல்லை. கேட்டு வாங்கிவிட்டேன். அதுவும் ஒரு திருத்தம்தானே.

நாட்டு நிலைமையை நீங்கள் அறிவீர்கள். எண்பத்தொன்றில் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்களை அடித்து விரட்டியதைக் கண்ட பிறகு சனங்களுக்கு ஒரு காவலன் தேவைப்படுகிறான். ஒரு கூட்டம் வந்தால் வாசலில் தனியாக நின்று தடுக்கிறவன். நான் அப்படித்தான் காளிங்கனை எழுதப் போகிறேன். உண்மையாகவே சொல்கிறேன், அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் கணவரைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு தைரியம். அவரது இளமைக்காலத்தைப் பற்றி மேலும் சில சம்பவங்களை எழுதி அனுப்பினால் உதவியாயிருக்கும்.

யோகேந்திரன்


கம்பளை.
17.07.1983

ஐயா,

சம்பவம் ஒன்று: நேற்றுச் சமையலறைக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்தது. கம்பளைக் காளை மேசை மேல் ஏறி நின்றது. நான்தான் ஈர்க்குமாற்றால் விரட்டினேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. உங்களுக்கு இவரை நம்ப வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். இங்கே பலருக்கும் அந்த ஆசை இருக்கிறது. எங்கள் வீதியில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள், ஏதும் நடந்தால் மணியண்ணன் இருக்கிறாரே என்று சொல்லிக்கொண்டு கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்கூடப் போடாமல் இருக்கிறார்கள்.

எழுதிக் கேட்பதைவிட ஒருநாள் நேரில் வாருங்கள். வந்து இவரைப் பாருங்கள், றவூப் நானாவையும் பாருங்கள். பார்த்துவிட்டு யாரை வேண்டுமானாலும் கதாநாயகனாக்குங்கள். இடியாப்பம் என் பொறுப்பு.

இராஜகுமாரி


கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
03.10.1983

அன்புள்ள அக்கா,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். கண்டி முகாமில் பதினாறு நாட்கள் இருந்தேன். என் அறையும் அதற்குள் இருந்த இரண்டாம் பாகமும் எரிந்துவிட்டன. அறைக்காகக் கவலைப்படுகிறேன்.

நீங்கள் அழைத்தபடி உங்கள் கடைக்கு வந்துதான் விட்டேன். கண்டியில் தமிழர்களின் கடைகள் எரியத் தொடங்கியதும் கச்சேரியிலிருந்த மற்றவர்கள் பொலிசுக்கும் கோயிலுக்கும் ஓடினார்கள். நான் ஒருவன்தான் கம்பளைக்குப் போகிற மரக்கறி லொறியில் ஏறினேன். ஏன் தெரியுமா? வாசலில் நின்று தடுக்கிற ஒருவர் அங்கே இருக்கிறார் என்று. நான் எழுதியதை நம்பிய முதல் முட்டாள் நானே. பின்னேரம் மூன்று மணிக்கு உங்கள் முன்னால் நின்று நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"அக்கா, அண்ணை நிக்கிறாரோ?"

நீங்கள் விறகுப் பரணைக் காட்டினீர்கள். இரண்டு பாதங்களும் ஒரு சிவப்புச் சால்வை நுனியும் தெரிந்தன. பிறகு பின்பக்கக் குறுக்கொழுங்கையால் எங்கள் இருவரையும் ஐந்து குடும்பங்களையும் நடத்திக்கொண்டு நீங்கள் போன வீடு யாருடையது என்று, உள்ளே இடது கைக் கத்தரிக்கோலைக் கண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெண்கள் நீங்களெல்லாம் முன்வீட்டில் சகீனா அக்காவோடு இருந்தீர்கள். பின்னால் துணி அறைக்குள் நடந்ததை நீங்கள் காணவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் யாரென்று அண்ணைதான் அவருக்குச் சொன்னார். றவூப் அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். பாடசாலைச் சட்டைகள் ஒரு குவியலைத் தூக்கி எங்கள் மடியில் போட்டு, "கையச் சும்மா வெச்சிட்டு ஈக்காதீங்க, யோசனைதான் வரும்" என்றார். ஒன்பது நாளும் நாங்கள் பொத்தான் தைத்தோம் அக்கா. அண்ணை முதல் நாள் தைத்த முப்பது சட்டைக்கும் பொத்தான் உட்பக்கத்தில் இருந்தது. றவூப் அவர்கள் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்தார்.

இரண்டாம் நாள் கூட்டம் வந்தது. நான் பதினொரு சண்டைக் காட்சி எழுதியவன். பல பேர் செருப்போடு ஒரு வாசலில் வந்து நிற்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. றவூப் அவர்கள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார். என் வீட்டில் என் சனம் மட்டும்தான் என்று சிங்களத்தில் சொன்னார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். நான் எழுதியிருந்தால் ஒரு பக்க வசனம் கொடுத்திருப்பேன். அவர்கள் போன பிறகு உள்ளே வந்தவர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டார். அண்ணை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் சால்வையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஏழாம் நாள் நானாகவே படத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். பார்த்தீர்களா என்று கேட்டேன். ரெண்டு தரம் பார்த்தாராம். காளிங்கனின் சட்டைக் கொலரை வெட்டியவனுக்குத் தொழில் தெரியாது என்றார். பிறகு கொஞ்ச நேரம் தைத்துவிட்டுச் சொன்னார்:

"படத்துல நான் திருப்பி அடிக்கிறேனே, அது மட்டும் எனக்குக் கொஞ்சம் புடிச்சிச்சு."

அண்ணை தலையை நிமிர்த்தவில்லை. ஒன்பது நாளிலும் அவர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேனா பிடித்தவன் என்ற வகையில் எனக்குத்தான் வெட்கம் அதிகம்.

அந்த நாலு வரியை நான் இன்னும் உங்களுக்குத் தரவேண்டும். இங்கே பத்திரிகைகளில் வேறு செய்திகளுக்கே இடமில்லை. ஆனாலும் எப்படியாவது எழுதுவேன்.

உங்கள் தம்பி,
யோகேந்திரன்


கம்பளை.
20.11.1983

தம்பிக்கு,

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை இவருக்குக் கேட்கிறபடி சத்தமாக. இவர் எழுந்து போய்த் தேங்காய் துருவினார். சால்வையைக் காணவில்லை. அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணி கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது, நான் கேட்கவில்லை.

ஊர் மட்டும் மாறவில்லை. இவர்தான் ஐந்து குடும்பங்களைக் காப்பாற்றினாராம், கூட்டத்தை வாசலில் நின்று தடுத்தாராம். ஜம்பு வீட்டுக்குள்ளேயே புகுந்து இடம் பிடித்துக் கொடுத்தாராம். நான் அப்படி இல்லை என்று சொன்னால், மணியண்ணனுக்கு அடக்கம் கூடிவிட்டது என்கிறார்கள். றவூப் நானாவின் கடைக்கு ஆண்கள் வருகிறார்கள், பெண்கள் இன்னும் வரவில்லை.

போன கிழமை ஸ்ரீஸ்கந்தராசா முதலாளி வந்தார். கண்டிக் கடை முழுவதும் போய்விட்டது. படச் சுருள் மட்டும் எங்கள் தியேட்டரில் இருந்ததால் தப்பியதாம். பெப்ரவரியில் திரும்பப் போடுகிறார். முதல் நாள் இவரை மேடையில் ஏற்றி மாலை போட வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லத்தான் இவர் வாயெடுத்தார். நான்தான் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

பேப்பரில் இடமில்லாவிட்டால் பரவாயில்லை. மேடையில் இடம் இருக்கிறது. எழுதி அனுப்புங்கள்.

அக்கா இராஜகுமாரி


கொக்குவில்.
15.01.1984

அன்புள்ள அக்கா,

பொங்கல் அன்றும் இதையே எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பது தரம் கிழித்தேன். முதலாவதில் அண்ணை மேடையில் கர்ஜிக்கிறார். இரண்டாவதில் மழை பெய்கிறது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது. கடைசியில் அறையோடு எரிந்துபோன உங்கள் கடிதங்களை ஞாபகப்படுத்திக்கொண்டு அவற்றில் இருந்ததை மட்டும் எழுதினேன். இதுதான்:

'என் பெயர் மாசிலாமணி. தையற்காரர் றவூப் கோட்டில் உண்மை சொன்னதற்காக அவரை 1964இல் பின்னாலிருந்து அடித்தேன். விழுந்த பிறகு கையை மிதித்தேன். அவர் எந்தப் பெண்ணையும் கடத்தவில்லை. போன ஆடியில் நான் யாரையும் காப்பாற்றவில்லை, அவர்தான் எங்களைக் காப்பாற்றினார். இந்தப் படத்தை எழுதிய யோகேந்திரன் விசாரிக்காமல் எழுதினான்.'

நாலு வரியைவிடக் கூடிவிட்டது. கடைசி வரியை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். அதை வெட்ட வேண்டாம் என்று அண்ணையிடம் சொல்லுங்கள்.

யோகேந்திரன்


கம்பளை.
26.02.1984

தம்பிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அது உங்கள் தொழில்.

உங்கள் கடிதத்தை இவர் ஒரு மாதம் மனப்பாடம் செய்தார். தேங்காய் துருவும்போது ஒரு வரி, மாவு பிசையும்போது ஒரு வரி. மிதித்தேன் என்கிற வரி மட்டும் வாயில் நிற்கவில்லை. அந்த இடம் வந்ததும் தண்ணீர் குடிக்கப் போவார். றவூப் நானாவையும் சகீனா ராத்தாவையும் நான் நேரில் போய் அழைத்தேன். றவூப் நானா, எனத்துக்கு இப்ப அதெல்லாம் என்றார். ராத்தா, நீங்க வராட்டி நான் போறேன் என்றார். இரண்டு பேரும் வந்தார்கள். ராத்தா பெண்கள் பக்கத்தில் என்னோடு இருந்தார். நானா கடைசியில் கதவோரமாக நின்றார்.

தியேட்டர் நிறைந்துபோயிருந்தது. முதலாளி மாலையைப் போட்டார். இவர் காகிதத்தை எடுத்தார். என் பெயர் மாசிலாமணி என்றதும் ஒரே விசில். சரி, அது போகட்டும். பின்னாலிருந்து அடித்தேன் என்றார். கூரை பறந்துவிடும் போலக் கைதட்டினார்கள். இரண்டாம் பாகத்து வசனம் என்று யாரோ சொல்ல, அது தியேட்டர் முழுக்கப் பரவிவிட்டது. இவர் நிறுத்திவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். திரும்பவும் விசில். மிதித்தேன் என்ற வரியை இவர் தண்ணீர் குடிக்காமல் சொன்னார் தம்பி, அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டல்.

மூன்றாவது தடவை காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டுத் தன் வாயாலேயே சொன்னார்.

"டேய், இது வசனம் இல்லடா. நான் பயந்துக்கிட்டுத்தான்டா பின்னால நின்னு அடிச்சேன்."

தலைவா என்று ஒருவன் கத்தினான். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிட்டார்கள். இவர் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து தடவித் தடவி இறங்கினார். உங்கள் கடைசி வரியை வாசிக்க யாரும் விடவில்லை. கவலைப்படாதீர்கள், எனக்குக் கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வீண் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெண்கள் பக்கத்தில் யாரும் விசிலடிக்கவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியா நடந்தது என்று கேட்டாள். நேற்றுக் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு றவூப் நானாவின் கடைக்குப் போனாள். இன்றைக்கு இன்னும் இரண்டு பேர் போனார்கள். மூன்று பேர்தான். ஆனால் மூவரும் வாய் ஓயாதவர்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் எழுதிவிட்டு முடிக்கிறேன். அன்றைக்குப் படம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது நான் இவரைத் தேடி வெளியே வந்தேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கொஞ்சம் தள்ளி றவூப் நானா நின்றார். உள்ளேயிருந்து செயின் சத்தமும் விசிலும் கேட்டது. இவர்தான் முதலில் பேசினார்.

"மூணு தரம் சொன்னேன் நானா. ஒருத்தனும் நம்பல."

றவூப் நானா கிட்டே வந்தார்.

"நான் நம்புறேன் மணி. அன்டைக்கு அங்க நின்டது நான்தானே."

அக்கா இராஜகுமாரி